டிஜே மேடையில் ஊரும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் என் செட், அதாவது என் முறைக்கான தொடர் இசை, முடிந்து நான் கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் யாராவது வந்து நிற்பார்கள். எந்த மிக்ஸர், எந்த ஹெட்ஃபோன் என்று ஆரம்பிக்கும் பேச்சு, கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்பதெல்லாம் இந்த வேலையில் உண்மையிலேயே சேர்கிறதா என்று கேட்பார்கள். ஒரு பாட்டோடு இன்னொன்றைக் கலக்கும் மிக்ஸிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சுற்றிச் சுற்றி இதற்கே வருகிறார்கள். பல வருடமாகக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே குறித்து வைத்திருந்தேன். எளிய கேள்விகளை முதலில் வைத்திருக்கிறேன்.

டிஜேயும் எலக்ட்ரானிக் மியூசிஷியனும் ஒண்ணா, வேற வேறயா?

இரண்டும் வேறு வேலைகள், பல நேரம் செய்பவர் ஒருவர். ட்ராக், அதாவது பதிவான ஒரு இசைத்துண்டு, செய்வது ஒரு வேலை. ஏற்கெனவே இருக்கும் ட்ராக்குகளை எடுத்து, ஒரு கூட்டத்தின் முன்னால், சில மணி நேரம் நீளும் ஒரே இசையாகக் கோத்துத் தருவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்கிறவர்களுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாடம் போய்க்கொண்டே இருக்கும். ஃப்ளோரில், அதாவது ஆடும் தளத்தில், எந்த இடத்தில் ஆட்கள் தளர்ந்தார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, மறுநாள் ட்ராக்கில் அந்த இடத்தைச் சுருக்குவார்கள். கீழே வரும் பதில்களில் டிஜே வேலையையே முதன்மையாகப் பேசுகிறேன்.

அடுத்தவங்க பாட்டை ஓட விடறதுல என் அடையாளம் எங்கேர்ந்து வரும்?

எதை எடுக்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் வரும். எதற்குப் பிறகு எதை வைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதில் நிறைய வரும். ஒரே இரண்டு ட்ராக்கை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் பதினாறு பாரிலேயே (ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு அடி) இரண்டாவது ட்ராக்கின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஏற்றிவிடுவார். இன்னொருவர் அறுபத்து நான்கு பார் வரை டிரம்ஸின் சின்னத் தாளத்தட்டான ஹை-ஹேட்டை மட்டும் உள்ளே விட்டு, ஆடுகிறவர்கள் கேட்டு வாங்கும் வரை பேஸைத் தரமாட்டார். அந்தப் பொறுமையோ அவசரமோ எங்கோ, யாருடைய செட்டிலோ, ஏதோ ஒரு அறையில் பழகியதுதான்.

1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் இது கண்முன்னே நடந்தது. ஃப்ராங்கி நக்கில்ஸ், ரான் ஹார்டி என்ற டிஜேக்கள் இருவரும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே மாதிரியான கூட்டத்துக்கு, பல நேரம் அதே இசைத்தட்டுகளைப் போட்டவர்கள். நக்கில்ஸின் செட் வழவழப்பாக, மெல்ல விரிந்துகொண்டே போகும். ஹார்டி மியூசிக் பாக்ஸ் என்ற கிளப்பில் வேகத்தை ஏற்றி வைப்பார், டேப்பைப் பின்னோக்கி ஓட விடுவார், சத்தத்தைக் காது தாங்கும் எல்லைவரை கொண்டுபோவார். ஊர் ஒன்று, தட்டுகள் ஒன்று. ஆனாலும் கேட்டவர்கள் இவர் செட், அவர் செட் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

பீட்டுக்கு ஏது ஊரு? 120 பிபிஎம்னா எங்க போனாலும் 120 தானே?

பிபிஎம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண். அது மாறாது. ஆனால் அந்த எண் நிதானமா, சோர்வா, அவசரமா என்று சொல்வது உடம்பு. உடம்பு பழகிய இடத்துக்கு இடம் அது மாறும். தென்னாப்பிரிக்காவின் கௌட்டெங் பகுதி டவுன்ஷிப்களில் பிறந்த அமாபியானோ என்ற இசை 112 அருகே நிதானமாக நடக்கும். அதைக் கேட்டுப் பழகியவருக்கு 128 துரத்துவது போல இருக்கும். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வளர்ந்த சிங்கேலி இசை 200-ஐத் தாண்டி ஓடும். அதற்குப் பழகியவர்களுக்கு 128 தூக்கம் வரவழைக்கும் வேகம்.

ஒரே ஊருக்குள்ளும் இது மாறும். ஹவுஸ் என்ற நடன இசையை 120-களில் தந்த அதே சிகாகோதான் பின்னாளில் 160-இல் ஓடும் ஃபுட்வர்க்கையும் தந்தது. ஃபுட்வர்க் என்பது வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் கால்வேகத்தில் மோதும் ஆட்டத்துக்கான இசை. விடியும்வரை சேர்ந்து ஆடும் கூட்டத்துக்கு ஒரு வேகம் தேவை. ஒரு நிமிடத்துக்குள் எதிராளியை வீழ்த்தவேண்டிய காலுக்கு வேறு வேகம் தேவை. மெக்சிகோவின் மான்டெர்ரேயில் கதை எதிர்த்திசையில் போகிறது. அங்கே விழாக்களில் கொலம்பியா நாட்டு கும்பியா தட்டுகளைப் போட்டுவந்த கேப்ரியல் டுவென்யெஸின் டர்ன்டேபிள் ஒரு நாள் சூடாகி வேகம் குறைந்துவிட்டதாகவும், இழுவையாக ஓடிய அந்த இசையே மக்களுக்குப் பிடித்துப்போனதாகவும் சொல்வார்கள். அதன்பின் வேண்டுமென்றே மெதுவாக்கிய கும்பியாவே அந்த ஊரின் தனி இசையாக நிலைத்தது. மோட்டார் கெட்டது தற்செயல். கெட்டதைத் திருத்தாதே என்று சொன்னது அந்த ஊர்.

இடம் இடம்னு சொல்றீங்க. அது கைக்குள்ள எப்படி இறங்குது? ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த ஒரு பையன் 1967-இல் நியூயார்க்கின் ப்ராங்ஸுக்குக் குடிபெயர்ந்தான். தெருவில் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஆடும் சவுண்ட் சிஸ்டம் கூட்டங்களை அவன் சிறு வயதில் பார்த்திருந்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, தான் குடியிருந்த கட்டடத்தின் பொது அறையில் தங்கைக்காக ஒரு பார்ட்டி நடத்தினான். அவர்தான் டிஜே கூல் ஹெர்க். ப்ராங்ஸ் பிள்ளைகளுக்கு ஜமைக்காவின் ரெகே தட்டுகள் எடுபடவில்லை. ஃபங்க் என்ற கறுப்பின நடன இசைத் தட்டுகளில் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில விநாடிகளுக்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். அதே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிவதற்குள் மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, பத்து விநாடியைப் பல நிமிடமாக நீட்டினார். ஸ்பீக்கரின் பருமனும் மைக்கில் பேசும் பழக்கமும் கிங்ஸ்டனிலிருந்து வந்தன. எந்த விநாடியை நீட்டுவது என்பதை ப்ராங்ஸ் சொல்லிக்கொடுத்தது.

கட்டடமும் அப்படித்தான் கைக்குள் இறங்கும். பெர்லின் சுவர் விழுந்து இரண்டு வருடம் ஆவதற்குள், 1991-இல், ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலத்தடிப் பெட்டகத்தில் ட்ரெசோர் கிளப் திறந்தது. தாழ்ந்த கூரை, கான்கிரீட் சுவர், துருப்பிடித்த இரும்புப் பெட்டிகள். அந்த மாதிரி அறையில் நீண்ட மெல்லிசைகள் சுவரில் மோதிக் குழம்பிவிடும். வெட்டி வெட்டி அடிக்கும் கடினமான கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, மட்டும் தெளிவாக நிற்கும். அமெரிக்காவின் டெட்ராயிட்டைச் சேர்ந்த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவின் இசை அங்கே அவ்வளவு பொருந்திப் போனதற்கு அந்தச் சுவர்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ட்ரெசோரின் இசை லேபிள் வெளியிட்ட முதல் தட்டே அந்தக் குழுவினருடையதுதான்.

சட்டமும் இடத்தில் அடங்கும். 1994-இல் பிரிட்டன் கொண்டுவந்த ஒரு சட்டம், திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைத் தரும்போது ‘திரும்பத் திரும்ப வரும் பீட்’ என்று இசையையே விவரித்தது. ஆட்டெக்கர் என்ற இருவர் குழு அதை எதிர்த்து, எந்த இரண்டு பாரும் ஒன்றுபோல் வராத ஒரு ட்ராக்கைச் செய்து வெளியிட்டது. ஒரு நாட்டின் சட்ட வாசகம் அடுத்த பாரில் ஸ்னேர் டிரம்மின் அடி எங்கே விழவேண்டும் என்பதையே மாற்றியது.

எங்க ஊர்ல கிளப்பே கிடையாது. அப்ப எனக்கு இடமே இல்லையா?

இருக்கிறது. உங்களுக்கு இசை வந்து சேர்ந்த வழியே உங்கள் இடம். டெக்னோ என்ற இயந்திர ஒலி நடன இசையைத் தொடங்கிவைத்த வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராயிட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிறிய ஊரில் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்கு வழி திறந்தது ரேடியோ. எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற பெயரில் இரவில் நிகழ்ச்சி நடத்திய அறிவிப்பாளர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் பார்லமெண்ட் என்ற குழுவின் ஃபங்க்கையும் பாடகர் பிரின்ஸையும் வேலி போடாமல் அடுத்தடுத்துப் போட்டார். கார் தொழிற்சாலையின் இரைச்சல் அப்படியே டெக்னோவாக மாறியது என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடுகிறது. அதை நான் முழுதாக ஏற்பதில்லை. அந்த ரேடியோ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த காதுக்குத்தான் பெரிய பங்கு.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உருவான க்கோம் இசைக்கு மினிபஸ் டாக்ஸிகள்தான் மேடை. பையன்கள் வீட்டுக் கணினியில் செய்த ட்ராக்கை ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். வண்டி ஊர் முழுக்க அதைக் கொண்டுபோகும். உங்களுக்கு அது மொபைல் ஸ்பீக்கராக இருக்கலாம், இரவு இரண்டு மணிக்குக் கேட்ட யாரோ ஒருவரின் ஆன்லைன் செட்டாக இருக்கலாம். எந்தச் சாதனத்தில், எந்த நேரத்தில், யாரோடு கேட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் மிக்ஸிங்கில் பேஸ் ஏன் குறைவாக இருக்கிறது, ஏன் எப்போதும் நடு அதிர்வெண்களையே தேடுகிறீர்கள் என்பதற்கெல்லாம் பதில் அந்தத் தாளில் கிடைக்கும்.

எங்க ஊர் மேளத்தை கிக் மேல ஏத்திட்டா அது என் அடையாளம் ஆயிடுமா?

தானாக ஆகாது. நன்றாகச் செய்தால் ஆகலாம். அந்த ‘நன்றாக’ எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கையால் வாசித்த ஒரு மேளப் பதிவை சாஃப்ட்வேரில் ஏற்றுகிறீர்கள். அது 118 என்று எண் போட்டு, அலைவடிவத்தின் மேல் சம இடைவெளியில் கோடு கிழிக்கும். கிக்கோடு சேர்த்து ஓட விட்டால் முதல் எட்டு பார் ஒட்டிப் போகும். பிறகு வாசித்தவருக்கு உற்சாகம் ஏறி வேகம் 119, 120 என்று நகர்ந்திருக்கும். கோடு மட்டும் 118-லேயே நிற்கும். இரண்டு அடியும் விலகி, குதிரைக் குளம்பு போலத் தடதடக்க ஆரம்பிக்கும்.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒவ்வோர் அடியையும் இழுத்துக் கோட்டில் உட்கார வைக்கலாம். நான் ரொம்ப நாள் அதைத்தான் செய்தேன். கணக்கு சரியாக வந்தது. ஆனால் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றின் முதல் அடிக்கு முன் வாசித்தவர் எடுத்த ஒரு சின்ன இழுப்பு, அந்தத் தாளத்துக்கே உயிரான இடம், அதில் காணாமல் போயிருந்தது. அதைக் கவனிக்கவே எனக்குப் பல மாதம் ஆனது. இப்போது வேகத்தைத் தானாகச் சேர்த்துவைக்கும் சிங்க் வசதியை அணைத்துவிட்டு, மேளத்தை அதன் போக்கில் விட்டு, கிக் ஓடும் பக்கம் கையை வைத்துக்கொள்கிறேன். மேளம் முந்தினால் கிக்கை விரல்நுனியால் தள்ளுகிறேன். தயங்கினால் பிடித்து நிறுத்துகிறேன். கை வலிக்கும், எப்போதாவது தவறும். ஆனால் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பது ஃப்ளோரில் நிற்பவருக்குக் கேட்கும்.

அடையாளம் அந்த வழிவிடலில் இருக்கிறது. மேளமே இல்லாத செட்டிலும் அது இருக்க முடியும். நீங்கள் வளர்ந்த இசையில் மௌனம் எங்கே வரும், ஒரு சொற்கட்டு எத்தனை சுற்றுக்குப் பிறகு திரும்பும், உச்சம் நடுவில் வருமா கடைசியிலா என்று உங்களுக்குள் ஏற்கெனவே ஒரு வடிவம் பதிந்திருக்கும். அந்த வடிவத்தில் முழுக்க முழுக்க டெக்னோ தட்டுகளையே வைத்து ஒரு செட் கட்டலாம். நான் கேட்ட மிகச் சொந்தமான செட்டுகள் சில அப்படித்தான் இருந்தன.

சாஃப்ட்வேர் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அதுல என்ன ஊர் இருக்கு?

திறந்தவுடன் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 120 பிபிஎம், நான்கு நான்காக எண்ணும் தாளம், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டிய சுரங்கள். இவை மேற்கத்திய இசையின் பழக்கங்கள். பொத்தானை அழுத்தும் முன்பே உங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகள். அரபு இசையின் ராகமுறையான மக்காமில் வரும் சுரங்கள் பல அந்தப் பன்னிரண்டில் அடங்குவதே இல்லை. இசைக்கலைஞர் கயாம் அல்லாமி இதை நேரடியாகக் கையில் எடுத்து, எந்தச் சுர அமைப்பிலும் இசைக்க உதவும் லெய்மா, அபோடோம் என்ற இரண்டு கருவிகளை 2021-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். டிஜே சாஃப்ட்வேரில் ட்ராக்கின் கீயை, அதாவது ஆதார சுரத்தையும் அதன் சாயலையும், கண்டுபிடிக்கும் வசதியும் 24 பெட்டிக்குள்தான் எல்லாவற்றையும் போடும். இரண்டு ட்ராக் ‘பொருந்தாது’ என்று அது சொன்னால், காதால் ஒரு முறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கருவி ஊரை மறைத்துவிடாது என்பதற்கு ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 நல்ல சாட்சி. தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கச் செய்த பெட்டி அது. விற்பனையில் தோற்று 1984-இல் நின்றுபோனது. மும்பையில் திரையிசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அதையும் டிஆர்-808 டிரம் மெஷினையும் வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை 1982-இலேயே பதிவு செய்தார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் 303-இன் குணம் ராகத்தின் கமகத்துக்கு ஒத்துழைத்தது. சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற மூவர் குழு அதே பெட்டியின் திருகுகளை முறுக்கி முறுக்கி 1987-இல் ஹவுஸின் ஒரு கிளையான ஆசிட் ஹவுஸின் முதல் ட்ராக்கை வெளியிட்டது. அதை முதலில் ஃப்ளோரில் போட்டுப் பிடிவாதமாகப் பழக்கியவர் மேலே சொன்ன ரான் ஹார்டி. பெட்டி ஒன்று. ஒருவர் அதில் ராகம் கேட்டார், மற்றவர்கள் அதில் இயந்திரத்தின் அலறலைக் கேட்டார்கள்.

ஃப்ளோர்ல எல்லாரும் சமம். இதுல அரசியலை எதுக்கு இழுக்கணும்?

சமம் என்ற அந்த உணர்வு வந்த வழியைப் பாருங்கள். ஹவுஸ் என்ற பெயரே சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்து வந்தது. 1977-இல் நியூயார்க்கிலிருந்து வந்து நக்கில்ஸ் அங்கே வாசிக்கத் தொடங்கினார். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பு இளைஞர்கள். வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்களுக்கு அது வீடு. 1979 ஜூலை 12 அன்று அதே ஊரின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அன்று அங்கே டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலையில் இருந்தார், சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்ப்பதற்காக. மக்கள் கொண்டுவந்து குவித்ததில் டிஸ்கோவே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். 1984-இல் வந்த, முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலர் சொல்லும் தட்டில் அவருக்கும் பங்கு உண்டு.

அரசியலை நீங்கள் இழுக்காவிட்டாலும் அது வாசலில் நிற்கும். லண்டன் காவல்துறை 2005 முதல் ‘படிவம் 696’ என்று ஒன்றை வைத்திருந்தது. இசை நிகழ்ச்சி நடத்துபவர் என்ன வகை இசை என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில், வருகிறவர்கள் எந்த இனம் என்றும் அதில் கேட்டார்கள். கிரைம் (grime), கராஜ் (garage) என்ற இசை வகைகளை வாசித்த பல இளைஞர்கள் மேடை இழந்தார்கள். 2017-இல்தான் அது முற்றிலும் கைவிடப்பட்டது. டிஜே ஸ்ப்ரிங்கிள்ஸ் என்ற பெயரில் வாசிக்கும் டெர்ரே தேம்லிட்ஸ், ஹவுஸ் எல்லாருக்கும் பொதுவானது என்ற பேச்சையே மறுப்பவர். அது குறிப்பிட்ட மனிதர்களின் குறிப்பிட்ட கஷ்டங்களிலிருந்து வந்தது, பொது என்று சொல்லும்போது அவர்கள் அழிந்துபோகிறார்கள் என்பது அவர் வாதம். அவர் அளவுக்கு நான் போகமாட்டேன், எல்லாரும் ஆடட்டும். ஆனால் யார் வீட்டுக்குள் ஆடுகிறோம் என்று தெரிந்து ஆடவேண்டும்.

அப்போ எனக்குச் சம்பந்தமே இல்லாத மக்களோட இசையை நான் போடலாமா?

போடலாம். இந்தக் கலையே கடன் வாங்கி வளர்ந்ததுதான். ஹெர்க் கதையைப் பார்த்தோம். கடன் யாரிடம் வாங்கினோம் என்று தெரியாமல் இருப்பதுதான் தவறு. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த ஏழு விநாடி டிரம்ஸை வெட்டி ஒட்டித்தான் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே எழுந்தன. ஆயிரக்கணக்கான ட்ராக்குகள். கோல்மன் அதற்காக ஒரு காசும் பெறாமல் 2006-இல் வறுமையில் இறந்தார்.

நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். என் பென் டிரைவில் ‘ட்ரைபல் டிரம் 04’ மாதிரிப் பெயரோடு எந்த ஃபைலும் இருக்காது. எந்த ஊர், எந்தத் தாளம், வாசித்தது யார் என்று தேடி, கிடைத்ததை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுவேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால் பெரும்பாலும் போடமாட்டேன். துக்கத்துக்கோ வழிபாட்டுக்கோ உரிய இசையா என்று பார்ப்பேன். உயிரோடிருக்கும் கலைஞர் என்றால் அவர் கைக்குப் பணம் போகிற இடத்தில் வாங்குவேன். யாராவது வந்து என்ன ட்ராக் என்று கேட்டால் மறைக்கமாட்டேன்.

பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு. ரெண்டு இடத்துலயும் நான் வெளியாள். நான் எந்த ஊர் டிஜே?

ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. லிஸ்பன் நகரின் ஓரத்துக் குடியிருப்புகளில், அங்கோலா, கேப் வெர்டே, சாவ் டோமே நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கோலாவின் குடூரோ இசையையும் ஹவுஸையும் பிசைந்து, இரண்டு ஊரிலும் இல்லாத ஒரு இசையைச் செய்தார்கள். டிஜே மார்ஃபாக்ஸ் அவர்களில் முன்னோடி. ப்ரின்சிபே என்ற லேபிள் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. 1990களின் நடுவில் லண்டனில் தல்வின் சிங் நடத்திய அனோகா இரவுகளில் தப்லாவும் டிரம் அண்ட் பேஸும் ஒரே மேடையில் ஏறின. 1999-இல் அவர் ஆல்பம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசைப் பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இன்னொன்று. 1980, 90களில் பிரிட்டனில் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், இரவில் வெளியே போக முடியாது. அதனால் பகலில் நடன நிகழ்ச்சிகள் நடந்தன. கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பி, ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். ‘டேடைமர்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். 2020-இல் புதிய தலைமுறை டிஜேக்கள் தங்கள் குழுவுக்கு அதே பெயரை வைத்தார்கள். வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் கிடைத்த நான்கு மணி நேரமே அவர்களுக்கு ஊர். நீங்களும் அப்படி ஒரு நடுவில்தான் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

வெளியூர்ல வாசிக்கப் போறேன். அவங்களுக்காக என் செட்டை மாத்தணுமா?

ட்ராக்குகளை அதிகம் மாற்றவேண்டாம். நுழைவை மாற்றுங்கள். உங்களுக்கு முன் வாசிப்பவரின் கடைசி ஒரு மணி நேரத்தை ஃப்ளோரில் நின்று கேளுங்கள், டிஜே நிற்கும் பூத்துக்குள் நிற்காதீர்கள். பேஸ் எங்கே குவிகிறது, ஆட்கள் எந்தப் பக்கம் பார்த்து ஆடுகிறார்கள், ட்ராக்கை நிறுத்தித் திரும்பப் போட்டால் ஆரவாரமா எரிச்சலா என்று பாருங்கள். சவுண்ட் சிஸ்டம் மரபில் வளர்ந்த கூட்டத்துக்கு அப்படித் திரும்பப் போடுவது மரியாதை. தொடர்ந்து ஓடும் டெக்னோவுக்குப் பழகிய கூட்டத்துக்கு அது தடங்கல்.

இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இதில் சேரும். பாலஸ்தீன டிஜே சமா அப்துல்ஹாதி 2020 டிசம்பரில் நபி மூசா என்ற வரலாற்றுத் தலத்தில் ஒரு செட்டைப் பதிவு செய்தார். அரசு அனுமதி கையில் இருந்தது. ஆனாலும் அங்கே பள்ளிவாசல் இருப்பதால் எதிர்ப்புக் கிளம்பி, எட்டு நாள் காவலில் இருந்தார். அவர் பக்கமே நான் நிற்பேன். ஊர் என்பது பின்னணிப் படம் போல அமைதியாக இருந்துவிடாது என்பதையும் அந்தச் சம்பவம் எனக்குச் சொன்னது.

என்னை என் அடையாளத்துக்காக மட்டும்தான் கூப்பிடறாங்களோன்னு தோணுது. போறதா வேண்டாமா?

மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்: எந்த நேரம் தருகிறார்கள், மற்றவர்களுக்குத் தரும் அளவு சம்பளம் உண்டா, போஸ்டரில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதப்போகிறார்கள். கூட்டம் வருவதற்கு முந்தைய நேரம், ‘உங்களுக்கு நல்ல வாய்ப்பு’ என்ற பேச்சு, பெயருக்கு முன்னால் இனமோ பாலோ என்றால் காரணம் புரிந்துவிடும். மறுத்தால் தப்பில்லை. போவதாக இருந்தால், நீங்கள் போடப்போகும் இசைக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போய் அவர்கள் எதிர்பார்க்கும் ‘உங்கள் ஊர் இசையை’ மட்டுமே போடவேண்டிய கடமை உங்களுக்குக் கிடையாது.

"அந்த ஊர் சவுண்டு"ன்னு முத்திரை குத்திட்டாங்க. இதுலேர்ந்து எப்படி வெளிய வர்றது?

டெட்ராயிட்டைச் சேர்ந்த ட்ரெக்சியா இருவர், ஜேம்ஸ் ஸ்டின்சனும் ஜெரால்ட் டொனால்டும், ஒரு வழி காட்டினார்கள். முகம் காட்டவில்லை, பேட்டி மிக அரிது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிப் பெண்களின் பிள்ளைகள் தண்ணீருக்கடியில் உயிர்வாழ்ந்து ஒரு நாட்டை அமைத்ததாக ஒரு கற்பனையை 1997-இல் வந்த தங்கள் தொகுப்பில் எழுதி வைத்தார்கள். ஊடகங்கள் ஒட்டிய ‘டெட்ராயிட்’ லேபிளை விட்டு அவர்கள் இறங்கிப்போன இடம் இன்னும் ஆழமானது, இன்னும் சொந்தமானது.

இன்னொரு வழி ஜிலின் என்ற பெண் கலைஞருடையது. சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கேரி என்ற ஊரில் எஃகு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஃபுட்வர்க் செய்தவர். பழைய பாட்டு ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி (சாம்பிள் எடுத்து) செய்த ட்ராக்கை அம்மாவிடம் போட்டுக் காட்டியபோது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் சத்தம் எது என்று அம்மா கேட்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு சாம்பிளை விட்டுவிட்டு ஒவ்வொரு ஒலியையும் தானே செய்யத் தொடங்கினார்.

உங்களுக்கு நான் சொல்வது இது. எல்லாரும் உங்களிடம் எதிர்பார்க்கும் அந்த ஐந்து ட்ராக்கைத் தனி ஃபோல்டரில் போட்டு மூடுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேர செட்டைப் பதிவு செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து, கண்ணை மூடிக் கேளுங்கள். யோசிக்காமல் உங்கள் கை ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் போன இடங்கள் தெரியும். நிமிடத்தையும் விநாடியையும் தாளில் எழுதுங்கள். அடுத்த முறை நான் கேபிள் சுற்றும்போது அந்தத் தாளோடு வாருங்கள், அங்கிருந்து பேசலாம்.